இரண்டரை அடிக்கு இரண்டடி நாய்

1.

நாயை மனிதரைப்போல நடத்தும் வீட்டில் சிந்தனை வளராது. இந்த உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த இடம் எங்கள் வீட்டு ஹால். நேரம் மதியம் ஒன்றே கால். சாட்சி, தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு நாய்க்குப் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அம்மா.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. பிறக்கும்போது இது கதையாக இல்லை; கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எழுதிய ஒரு பக்க நையாண்டியாக இருந்தது. தலைப்பு, 'இன்றைய சிறப்பு விருந்தினர்'. பதினேழு பேர் படித்தார்கள். நான்கு பேர் சிரித்தார்கள். ஒரு துரோகி போட்டோ எடுத்து என் அக்காவுக்கு அனுப்பினான்.

அக்கா அதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே முழுவதும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்க. நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப அது பட்டினி கிடக்கும் பாரு, அதையும் எழுது. இன்னும் நல்லா சிரிப்பாங்க."

அதனால்தான் இது கதையானது. (நையாண்டிக்குள் பட்டினி அடங்கவில்லை. முயன்று பார்த்தேன்.)

2.

இப்படித் தொடங்கலாம் என்று முதலில் நினைத்தேன்:

வாசற்கதவையே பார்த்தபடி படுத்திருந்தது சிறுசு. அதன் கண்களில்—

வேண்டாம். நாயின் கண்களில் எதையாவது கண்டுபிடிக்கும் எழுத்தாளரை நான் நம்புவதில்லை. சிறுசின் வலது கண்ணில் இருப்பது, புரை. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

தகவல்களாகவே தந்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன: பெருசு, சிறுசு. எந்த இனத்திலும் சேராதவை. ஒரே அட்டைப்பெட்டியில் தெருவிலிருந்து வந்தவை. அண்ணன் தங்கை என்பாள் அம்மா, ஆதாரம் கிடையாது. ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் சாப்பிட்டன. நான்கு மாதத்துக்கு முன் பெருசு இறந்துபோனது. இப்போது வீட்டில் இருப்பது ஒரே நாய். ஆனாலும் அதன் பெயர் சிறுசுதான்.

மறுநாளே சிறுசு சாப்பாட்டை நிறுத்தியது. கிண்ணத்தை மோந்து பார்க்கும். பக்கத்தில் திரும்பிப் பார்க்கும். போய் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள், சாப்பாட்டு மேசை முழுக்க வெட்டிய துணி கிடந்ததால், அம்மா தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். அம்மா ஒரு வாய் எடுத்தாள்; சிறுசும் ஒரு வாய் எடுத்தது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் அம்மா தரையில்.

சிக்கல், அம்மாவின் முழங்கால். அடுத்த மாதம் ஆபரேஷன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் தரையில் உட்காரக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "சாப்பாட்டு நேரத்துல மட்டும்?"

ஆக, ஒரு மாதத்துக்குள் சிறுசுக்குப் பக்கத்தில் சாப்பிட இரண்டாவது நாய் ஒன்று வேண்டும். வாசகர் இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

(இங்கே ஒரு ஆட்சேபம் எழும்: வீட்டில் வேறு மனிதர்களே இல்லையா? இருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்த மறுவாரமே அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குச் சாப்பிடும்போதும் அலைபேசியில் வேலையாட்களைத் திட்ட வேண்டும், சிறுசு தன்னைத்தான் திட்டுகிறார் என்று ஓடிவிட்டது. அக்காவுக்கு இரண்டு வேளையும் சாப்பாடு, பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பு மேசையில். மூன்றாவதாக ஒருவர் உண்டு; அவர் கதாசிரியர். கதாசிரியர்கள் நாயோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கொள்கை.)

3.

அப்பா என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது. நம்பும்படியாக இல்லை. ஆனால் மாற்றி எழுதினால் கோபித்துக்கொள்வார்.

அப்பா மரவேலைக்காரர். வீடு வீடாகப் போய் அலமாரி பொருத்துபவர். இரண்டாவது நாய் என்று அக்கா பேச்செடுத்த அன்று சாயங்காலமே அப்பா நாய்க்கட்டில் செய்துவிட்டார். நாய் முடிவாகவில்லை, கட்டில் முடிந்துவிட்டது. இரண்டரை அடிக்கு இரண்டடி. நான்கு மூலையும் மழுக்கி, கால்களுக்கு ரப்பர் ஒட்டியிருந்தார்.

"என்னப்பா இது? எந்த நாய்னே இன்னும் தெரியாது!" என்றாள் அக்கா.

"ப்ளைவுட் அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு."

"பெரிய நாய் வந்தா?"

"இந்த அளவுல வர்றதாப் பாரு. அளவு சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா உக்காரும்."

சுவரை மூன்று முறை அளக்காமல் ரம்பத்தைத் தொடாத மனிதர். நாய் விஷயத்தில் மட்டும் அலமாரி முதலில், சுவர் பிறகு.

அக்கா வேறு வகை. புதிதாக யார் வந்தாலும் படிவம் நிரப்ப வைப்பவள். வீட்டுக்கும் சிறுசுக்கும் எந்த இனம் பொருந்தும் என்று அலைபேசியில் படித்துப் படித்து, இருபத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தாள். நானும் அந்தக் கட்டுரைகளைப் படித்தேன். எல்லாமே ஒரே நாயைப் பற்றியவை: விசுவாசமானது, அறிவுள்ளது, குடும்பத்தோடு இணங்கிப் போகும். என் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழிலும் ஏறக்குறைய இதுதான் இருந்தது. நம்பி ஏமாந்தது கல்லூரி.

லாப்ரடார் கட்டிலில் பாதிதான் அடங்கும். டாக்ஸ்ஹண்ட் அடங்கும், ஆனால் நாங்கள் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, அந்த நீள முதுகுக்குப் படிக்கட்டு ஆகாது. பொமரேனியன் ஒவ்வொரு காலிங்பெல்லுக்கும் பதில் சொல்லும். அம்மாவிடம் தைக்க வருகிறவர்கள் ஒரு நாளைக்கு இருபது பேர். பக் குறட்டை விடும் என்றதும் அம்மா, "ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்" என்று அப்பாவைப் பார்த்தாள். குட்டி, எந்த இனமானாலும் கூடாது. சிறுசின் பின்னங்கால்கள் பலவீனம். மேலே தாவி விளையாடினால் தாங்காது. வளர்ந்த ஆண் நாயாக இருந்தால் நல்லது. கழித்துக் கழித்து மிஞ்சியது பீகிள்.

"சாதுவா?" என்றார் அப்பா.

"சாதுதான். கொஞ்சம் ஊளை விடுமாம்."

"லேசா இழைச்சா சரியாயிடும்."

(கவனித்தீர்களா? இருபத்திரண்டு கேள்விகளில் 'எப்படிச் சாப்பிடும்?' என்று ஒரு கேள்வி இல்லை. கட்டிலைப் பற்றி மூன்று இருந்தன. குற்றம் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நானும் அப்போது கவனிக்கவில்லை.)

4.

நாய்க் காப்பகத்தில் மூன்று வயது ஆண் பீகிள் ஒன்று இருந்தது. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். 'விருந்தாளி' என்று கிண்டலுக்குச் சொன்னேன். எல்லோரும் அதையே பெயராக்கிவிட்டார்கள்.

முறைப்படி செய்தோம். முதல் சந்திப்பு வீட்டில் இல்லை. இரண்டுக்கும் சொந்தமில்லாத பின்தெருவில். நான் சிறுசைப் பிடித்துக்கொண்டேன், அக்கா விருந்தாளியை. எதிரெதிராக இல்லாமல் ஒரே திசையில், பத்தடி இடைவெளியில் நடந்தோம். பத்து எட்டானது; எட்டு ஐந்தானது; தெருமுனையில் இரண்டு மூக்கும் தொட்டுக்கொண்டன. சிறுசு வாலை ஆட்டியது. நான்கு மாதத்தில் முதல் தடவை.

"டேய் பேரறிஞர், பாத்தியா! இதப் போய் எழுது!" என்றாள் அக்கா.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். எல்லோருக்கும் பிடித்திருக்கும்.

அன்று சாயங்காலம் இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மா வேண்டுமென்றே சமையலறைக்குப் போய்க் கதவிடுக்கில் நின்றாள். விருந்தாளி தன் கிண்ணத்தைப் பதினோரு நொடியில் முடித்தது. பிறகு எந்தப் பகையும் இல்லாமல் சிறுசின் கிண்ணத்துக்கு நகர்ந்தது. சிறுசு உறுமவில்லை. ஒதுங்கி இடம் விட்டது. போய் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

கிண்ணங்களைத் தள்ளி வைத்தோம். நடுவில் பலகை வைத்தோம். பலகை வைத்தால் விருந்தாளி திருடவில்லை. ஆனால் பக்கத்தில் யாரும் தெரியாததால் சிறுசு சாப்பிடவுமில்லை. மூன்றாம் நாள் நாய் டாக்டரிடம் போனோம். அவர் சிறுசின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இனத்தை விடுங்கம்மா. செத்துப்போன நாய் எப்படிச் சாப்பிடும்?"

அம்மா சொன்னாள்: "மெதுவா. ஒரு வாய் எடுத்துட்டு நிமிந்து நிக்கும். இவ எடுத்ததும்தான் அடுத்தது."

"உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரி ஒண்ணு. அது எந்த இனத்துக்கும் எழுதியிருக்காது. கிடைக்கறவரைக்கும் நீங்களே உக்காருங்க, வேற வழியில்ல."

அம்மா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் விருந்தாளியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். கட்டிலில் அது ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. "நல்ல கட்டிலு" என்று மட்டும் அப்பா சொன்னார். திரும்பும் வழியில், அக்கா அழுதாள் என்று எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"தும்மினாள்னு எழுது."

அக்கா தும்மினாள்.

5.

இப்போது முடிவுகள்.

முதலாவது: பல் போன ஒரு கிழட்டு நாய் காப்பகத்துக்கு வருகிறது. பல் இல்லாததால் மெதுவாகத்தான் சாப்பிட முடியும். சிறுசு அதற்குப் பக்கத்தில்— அழகான முடிவு. ஆனால் காப்பகத்துக்கு வாரம் இரண்டு முறை போன் செய்தோம். அப்படி ஒரு நாய் வரவில்லை. கதைக்காக ஒரு நாயின் பல்லைப் பிடுங்க எனக்கு மனம் இல்லை.

இரண்டாவது: அம்மா ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறாள். இது என் கற்பனை இல்லை.

"ஆறு மாசம் கழிச்சு வெச்சுக்கிட்டா என்ன?"

"நாய்க்காகவாம்மா?" என்று கத்தினாள் அக்கா.

"நாய்க்காகன்னு யாருடி சொன்னது? கையில ஆர்டர் நிறைய இருக்கு."

ராத்திரி கட்டிலிலிருந்து எழ அப்பாவின் தோளைப் பிடிக்க வேண்டிய நிலையில் இருந்தவள் சொன்னது இது. அப்பா தேதியை மாற்ற விடவில்லை.

மூன்றாவது: அம்மா வீடு திரும்பும்போது சிறுசு

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

6.

இதை எழுதத் தொடங்கி ஒரு மாதமாகிறது. ஆபரேஷன் நேற்று நடந்தது. நல்லபடியாக முடிந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அப்பா அங்கேயே வராந்தா பெஞ்சில். வீட்டில் நான், சிறுசு, இந்தக் கதை. நேற்று இரண்டு வேளையும் கிண்ணத்தில் வைத்தது அப்படியே கிடந்தது. இன்று காலை கூடுதலாக வைத்துப் பார்த்ததும்.

கொஞ்சம் முன்னால் அம்மா போனில் பேசினாள். குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"உன்னக் கேக்கலடா."

"சாப்பிட்டுச்சு."

"எவ்வளவு?"

"பாதி."

"சரி" என்றாள். நம்பவில்லை. இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டியது அந்தப் 'பாதி' மட்டும்தான். அதையும் வாசகர்களிலேயே கண்டிப்பான ஒருத்தியிடம் போய்ச் சொன்னேன்.

7.

மணி ஒன்றே கால். எந்த நாய், எந்த இனம், என்ன அளவு என்பதையெல்லாம் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். என்னால் இனி நீளமாக எழுத முடியாது. ஒரு கையால்தான் தட்டச்சு செய்கிறேன். இன்னொரு கையில் சோறு. லேப்டாப்பைத் தரையில் வைத்திருக்கிறேன். நாற்காலி ஆடுகிறது, அதனால்தான். மரவேலைக்காரர் வீட்டு நாற்காலி எப்படி ஆடும் என்று கேட்காதீர்கள்.

முதல் வாயை விழுங்கினேன். மெஷினுக்கு அடியிலிருந்து சிறுசு மெதுவாக எழுந்து வந்தது. பின்னங்கால் ஒருமுறை வழுக்கியது. கிண்ணத்தை மோந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது வாய் என் விரல்களில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. முதலில் அது எடுக்கட்டும்.