பருப்பு என்றால் எந்தப் பருப்பு

கலெக்டர் வாயைத் திறக்கவில்லை.

கலெக்டர் என்பது அவனுடைய நாலு வயது மகள். வீட்டில் எல்லோரையும் உட்கார், எழுந்திரு என்று அதிகாரம் பண்ணிச் சம்பாதித்த பட்டம். அவள் முன்னால் ஒரு கிண்ணம் சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. கரண்டியில் அள்ளி, ஊதி, மூன்று தரம் நீட்டிவிட்டான். மூன்று தரமும் கரண்டி பக்கத்தில் வருவதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த மேஜைக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அவனுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

அவன் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வேலைக்கு வெளிநாடு வந்து ஒன்றரை வருஷமாகியும் அந்த ஊர் மொழியில் அவனுக்கு நாற்பது சொல்தான் தெரியும். தூக்கு, இறக்கு, பின்னால் வா, உடையும், ஜாக்கிரதை. அதை வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளோடு குடித்தனம் பண்ணலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போக முடியாது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது இன்னொருத்தர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மனைவி கேட்டிருந்தாள். ஒரே அறை, ஒரே அடுப்பு, இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று. அவள் கேட்டதில் தப்பில்லை.

சிக்கல் வேறு. கலெக்டருக்கு முந்திரி, பாதாம் எதுவும் ஆகாது. இரண்டு வயதில் முந்திரி போட்ட ஒரு மிட்டாயைக் கடித்ததற்கே முகம் பூசணியாக வீங்கி மூச்சு இழுத்துவிட்டது. இன்னொரு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர இவ்வளவு நேரம் கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனைவியின் கைப்பையில் எந்நேரமும், மூச்சு இழுத்தால் உடனே போட, ஒரு ஊசி இருக்கும்.

அதனால் அவன் ஒரு அட்டை தயாரித்திருந்தான். 'எங்கள் மகளுக்குப் பருப்பு வகை எதுவும் ஆகாது. சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து' என்று போனில் தமிழில் அடித்து, அது கொடுத்த அந்த ஊர் எழுத்தைப் பார்த்துப் பெரிதாக எழுதினான். அரைகுறை ஆள் இல்லை அவன். எழுதியதைத் திரும்பத் தமிழுக்கு மாற்றியும் பார்த்தான். பருப்பு என்றே வந்தது. இதுவரை நாலு ஹோட்டலில் அந்த அட்டையை நீட்டியாகிவிட்டது. இது ஐந்தாவது. இங்கே பரிமாறும் பெண் அட்டையை இரண்டு தரம் படித்து, நெஞ்சில் கைவைத்து, சமையல்காரரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். பொறுப்பான பெண் என்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"விடுங்க, அவ குடிக்க மாட்டா. எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. மடியில் கிடந்த குண்டனை, அதாவது பத்து மாதப் பையனை, அவன் கையில் தள்ளிவிட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். வெளிச்சாப்பாடு கொண்டுவந்தது தெரிந்தால் வெளியே போகச் சொல்வார்களோ என்று மேஜைக்குக் கீழேயே மூடியைத் திறந்தாள். பருப்புசாதம். கலெக்டர் வாய் தானாகத் திறந்தது.

நாலு வாய் போயிருக்கும். பரிமாறும் பெண் தண்ணீரோடு வந்தவள் டப்பாவுக்குள் பார்த்தாள். ஜாடியை அப்படியே வைத்துவிட்டுப் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. குழந்தை வாயிலிருந்து பிடுங்குகிற இடத்தில் இனி ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது என்று எழுந்துவிட்டாள். அந்தப் பெண்ணோ டப்பாவைக் காட்டினாள், அட்டையைக் காட்டினாள், தொண்டையைப் பிடித்துக் காட்டினாள். கடைசியில் தன் போனில் படபடவென்று எதையோ சொல்ல, அது உணர்ச்சியே இல்லாத குரலில் தமிழ் பேசியது: "உங்கள் குழந்தை பருப்பு சாப்பிடுகிறது. குழந்தை இறக்கும்."

"நல்ல வாய்" என்றாள் மனைவி. "ஆமா, பருப்புதான். தெனமும் ரெண்டு வேளை சாப்பிடறா. உங்களுக்கு என்ன வந்தது?"

போன் அதையும் மொழிபெயர்த்தது. பரிமாறும் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுச் சமையல்காரர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டு உள்ளே போய், உள்ளங்கையில் எதையோ அள்ளிவந்து அட்டைக்குப் பக்கத்தில் கொட்டினார். மைசூர்ப் பருப்பு. அதைத் தொட்டார், அட்டையில் ஒரு சொல்லைத் தொட்டார். மறுபடி அதைத் தொட்டார், சொல்லைத் தொட்டார்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முந்திரிப் பருப்பும் பருப்பு, பாதாம் பருப்பும் பருப்பு, சாம்பாரில் போடுவதும் பருப்பு. போன் சாம்பார்ப் பருப்பைப் பிடித்துக்கொண்டது. திரும்ப மாற்றியபோதும் பருப்பு என்று வராமல் வேறு என்ன வரும்?

போனில் முந்திரிப் படம் ஒன்றைத் தேடி நீட்டினான். சமையல்காரர் முகம் மலர்ந்தது. சூப் கிண்ணத்தைத் தட்டிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். அவர் சொன்னதைப் பெண்ணின் போன் தமிழில் சொன்னது: வழக்கமாகப் பருப்பு போட்டுக் கெட்டியாக்குகிற சூப்பாம். அட்டையைப் படித்ததும், இந்தக் குழந்தைக்காகவே தனியாக, முந்திரியை அரைத்து ஊற்றியிருக்கிறார்.

மனைவி மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"உதட்டுல பட்டுச்சா?"

"படல."

"நெசமாச் சொல்லுங்க."

"படலம்மா. கரண்டிய கிட்டவே வரவிட்டாத்தானே."

அவனே அதைச் சொல்லிவிட்டு அவனே உட்கார்ந்துவிட்டான். மூன்று தரம் அந்தக் கரண்டியை நீட்டியது அவன் கைதான்.

சூப் போன வேகம் தெரியவில்லை. மேஜையைத் துடைத்தார்கள், கரண்டிகளை மாற்றினார்கள், அவன் குழாயடியில் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு ஓடலாம் என்றான். எதுவானாலும் அரைமணிக்குள் தெரிந்துவிடும், பஸ்ஸில் வைத்துத் தெரிய வேண்டாம் என்றாள் மனைவி. ஊசியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கலெக்டர் முகத்தை நாலு பேர் காவல் காத்தார்கள். சமையல்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. டப்பா கைக்கு வந்ததில் கலெக்டருக்குப் பரம சந்தோஷம்.

நிமிஷங்கள் போயின. கன்னம் கன்னமாகவே இருந்தது. மூச்சு மூச்சாகவே இருந்தது.

"எல்லாரும் ஏன் என்னையே பாக்குறீங்க? உங்க சாப்பாட்ட சாப்பிடுங்க" என்று கலெக்டர் உத்தரவு போட்டாள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் மூக்கை உறிஞ்சினாள். அரைமணியும் தாண்டியது. பரிமாறும் பெண் குண்டனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்பக்கம் நடக்கப் போனாள். சமையல்காரர் அட்டையிலிருந்த சொல்லை அடித்துவிட்டு வேறு ஒன்றை எழுதினார். எழுத்தை இனி நம்புவதில்லை என்று அவன் பேனாவை வாங்கி, கீழே ஒரு முந்திரி வரைந்தான்.

"என்னங்க இது, காது மாதிரி இருக்கு?"

"இருக்கட்டும். காது போட்ட சாப்பாடும் நம்ம பொண்ணுக்கு வேணாம்."

பெரியவர்கள் இரண்டு பேருக்கும் வந்து ஆறிப்போன தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகச் சுடச்சுடக் கொண்டுவந்தார்கள். இதில் முந்திரி இல்லை என்று சமையல்காரரே படத்தைக் காட்டித் தலையாட்டினார். மனைவி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டு கையும் காலியாக, யாருக்கும் ஊட்டாமல், தட்டு தீரும்வரை சாப்பிட்டாள்.