அறுபதாம் நாள் மெசேஜ்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மனைவி உள்ளே வந்த வேகத்தில் சலூனின் கண்ணாடிக் கதவு இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடித்தான் நின்றது. கையிலிருந்த கணவனின் போனைச் சீப்புகள் கிடந்த தட்டின் மேலேயே வைத்தாள்.

"இது நீங்க அனுப்பினதா?"

சலூன் அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் அனுப்பியதுதான். சரியாகச் சொன்னால், அவளுடைய போன் தானாகவே அனுப்பியது. 'உங்களைப் பார்த்து அறுபது நாளாகிவிட்டது! இந்த மெசேஜைக் காட்டினால் முடிவெட்டப் பாதி விலை.'

"ஆமாங்க, ஆஃபர். உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

"எங்கேயிருந்து வரச் சொல்றது? ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு 'சலூனுக்குப் போறேன்'னு கிளம்பறாரு மனுஷன். நீங்க என்னடான்னா அறுபது நாளா ஆளையே காணோம்ங்கறீங்க. அப்ப எவ வீட்டுக்குப் போறாரு?"

"தலைமுடி வளர்ந்திருக்கா?"

"அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பின்னால ஆபீசர், முன்னால சாமியார். நீங்களே பாருங்க." தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மாஸ்டர் குனிந்து குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்முடி மூக்கில் விழுந்தது. ஆனால் பிடரி பளிச்சென்று இருந்தது. "எவளோ ஒருத்தி ஆசை ஆசையா கழுத்தை மட்டும் வழிச்சு விட்டிருக்கா."

சலூன் அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். பிடரிக் கோடு இடது காதுக்குப் பின்னால் நூலளவு மேலே ஏறியிருந்தது.

இடது கையால் மிஷின் பிடிப்பவர் போடும் கோடு அது. பதினாறு வருடமாக அந்தச் சரிவைப் பார்த்து, "உங்க கோட்டைப் பார்த்தா எனக்கே கழுத்து சாயுது" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் 'இடக்கையார்' என்று கூப்பிட்ட அவளுடைய கணவனின் கோடு.

அவர் வீட்டை விட்டுப் போய் எழுபது நாள் ஆகிறது. சண்டைக்குக் காரணமே இந்த மெசேஜ்தான். மெயின் ரோட்டில் ஏசி சலூன் ஒன்று திறந்ததும், பயந்துபோன அவள் எல்லாருடைய நம்பரையும் அவர்கள் கடைசியாக வந்த தேதியையும் போனில் ஏற்றினாள். அவருக்குப் பிடிக்கவில்லை. "வர்றவன் கையைப் பார்த்து வரணும், போனைப் பார்த்து வரக்கூடாது" என்றார். "உங்க கையைப் பார்த்து இந்த வாரம் எத்தனை பேர் வந்தாங்க?" என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. "இனிமே கத்தரியைத் தொட்டா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று கத்திவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போனவர், இப்போது ஏதோ டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.

டைல்ஸ் கடையாம், டைல்ஸ் கடை!

அவர் போன ஒரு மாதத்துக்குள் ஆண்கள் பக்கத்து நாற்காலி இரண்டும் காலியாகிவிட்டன. அதையும் அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றால் யாராவது வந்தால்தானே? இந்த மாத வாடகையைக் கொடுக்க முடியாவிட்டால் கடையை விட்டுவிட வேண்டியதுதான் என்று கட்டட உரிமையாளர் சொல்லியாயிற்று. ஏசி சலூன்தான் ஆட்களை விழுங்குகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஸ்கூட்டர்ல எனக்கும் இடம் இருக்கா?" என்று கேட்டாள். "அதுவரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. அந்த மெசேஜையும் அவர் பார்க்கறதுக்குள்ள அழிச்சிடுங்க."

அடுத்த மூன்று நாளும் அவள் தெருவில் ஆண்களின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். மருந்துக் கடைக்காரர் மாத்திரை எடுக்கத் திரும்பினார்: அதே சரிவு. பஸ்ஸில் முன் சீட்டில் போஸ்ட்மேன்: அதே சரிவு. கேபிள்காரரின் பின்னாலேயே இரண்டு தெரு நடந்தாள். அவர் திரும்பி, "என்னக்கா, சந்தா கட்டணுமா?" என்று கேட்டபோது, "இல்லப்பா, சட்டை நல்லா இருக்கு" என்று சமாளித்தாள். கணவனே எதிர்க்கடை போட்டு, தன் ஆட்களை ஒவ்வொருவராக உருவிக்கொள்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கினால் அழுகை வந்தது. அழுகைக்குக் கோபமே மேல் என்று மறுபடி கோபப்பட்டாள்.

ஞாயிறு காலை மாஸ்டரின் பைக்கைத் தொடர்ந்து போன ஸ்கூட்டர், அவள் நினைத்த வீட்டு வாசலிலேயே நின்றது. நாத்தனார் வீடு. மாடிப்படியில் ஏறும்போதே மிஷின் சத்தம் கேட்டது.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாஸ்டர், மருந்துக் கடைக்காரர், போஸ்ட்மேன், இன்னும் இரண்டு பேர். அவர்களில் நடுவில் இருந்தவர் கழுத்தில் நாத்தனாரின் பூப்போட்ட பெட்ஷீட். அவருக்குப் பின்னால், இடது கையில் மிஷினோடு அவளுடைய கணவன்.

மிஷின் நின்றது.

"உங்களை இனிமே என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்றாள் சலூன் அக்கா.

மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்து, "நீ எங்கடி இங்க?" என்றார்.

"நான் கேக்க வேண்டியதை நீங்க கேக்கறீங்களா? இதைப் போய் ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கலைம்மா. அறுபது நாள் முடியட்டும்னு..." மாஸ்டர் மென்று விழுங்கினார். "ரெண்டு மாசம் போகாம இருந்தா பாதி விலைன்னு மெசேஜ் வருதில்ல? அதான் எல்லாரும் கணக்கா காத்திருக்கோம். எனக்குத்தான் இன்னும் வரக் காணோம்."

"எனக்கு ஒன்பது நாள் பாக்கி" என்றார் மருந்துக் கடைக்காரர், பொறுப்போடு.

சலூன் அக்காவுக்குக் காது சூடேறியது. வராமல் இருப்பவனுக்குப் பரிசு கொடுத்தால் எவன் வருவான்? ஆனால் சந்தேகம் அத்தோடு விடவில்லை. கணவனிடம் திரும்பினாள்.

"அவங்க காத்திருக்காங்க, சரி. நீங்க ஏன் வெட்டறீங்க?"

"ரெண்டு மாசம் காடா வளர்த்துக்கிட்டு வேலைக்குப் போக முடியுமா? ஏசி சலூனுக்குப் போறேன்னாங்க. அங்க ஒரு தடவை உக்காந்துட்டா அப்புறம் நம்ம கடைப் பக்கம் வருவாங்களா? அதான் பிடரியை மட்டும் சுத்தம் பண்ணி அனுப்பறேன். முன்பக்கம் நான் தொட்டதில்ல. அது கடைக்கு."

அவள் நம்பவில்லை. வரிசையாகப் போய் ஒவ்வொரு நெற்றியிலும் முடியை விரலால் நீட்டிப் பார்த்தாள். ஐந்து தலையும் குனிந்து கொடுத்தன. ஒரு தலையிலும் முன்பக்கம் கத்தரி பட்டிருக்கவில்லை.

ஆறாவதாக அவரைப் பார்த்தாள். முடி காதை மூடி, காலர் மேல் புரண்டுகொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முடி வெட்டுவது அவள்தான்.

"டைல்ஸ் கடையில இப்படியா போறீங்க?"

"தொப்பி தர்றாங்க."

"வீட்டுக்கு வந்திருக்கலாமில்ல?"

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பறே" என்றார் அவர், மிஷினை ஊதிக்கொண்டே. "எனக்கும் அறுபது நாள் எப்பவோ ஆயிடுச்சு. ஒண்ணு வந்துச்சா?"

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எதையோ தட்டினாள். அவர் பாக்கெட்டில் போன் முனகியது. எடுத்துப் படித்தவர் முகம் மெல்ல மாறியது.

"என்ன ஆஃபர்?" என்று எட்டிப் பார்த்தார் போஸ்ட்மேன்.

"அது அவருக்கு மட்டும்" என்றாள் அவள். பெட்ஷீட்டை எடுத்து ஓர் உதறு உதறினாள். "எழுந்திருங்க எல்லாரும். இன்னிக்கே கடைக்கு வாங்க. முழு விலை. இனிமே முப்பது நாளுக்குள்ள வர்றவங்களுக்குத்தான் சலுகை."

"அப்ப என் ஒன்பது நாள்?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

இடக்கையார் காலியான நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வெட்டுவதற்காகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.