ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

“இன்னும் ரெண்டு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். மொத்தம் மூணு,” என்றார் அவர்.

இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப்போன டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் மனைவியின் உடல். கால்மாட்டில் நின்றுகொண்டு மூன்று பிரதி கேட்கிற கணவர். டாக்டர் மறுபடி எழுத உட்கார்ந்தார்.

இருபத்தேழு வருடம் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்த மனிதருக்கு வேறு எப்படிப் பேச வரும்? யார் எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும் மூன்றாகக் கேட்டுக் கேட்டு, அலுவலகத்தில் அவருக்கு ‘மூணு காப்பி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

டாக்டர் போனபோது காலை ஏழரை. மனைவியின் தங்கை சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டிருந்தாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவர்க் காலண்டரில் தேதியைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் எழுதிக் கொடுத்த விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு முடிகிற நாள் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் அரசு ஊழியர் இல்லை.

விருப்ப ஓய்வு என்று யார் வந்து நின்றாலும் உட்காரவைத்துப் பாடம் எடுக்காமல் அவர் விட்டதில்லை. “இருபது வருஷ சர்வீஸ் இருந்தா போலாம். மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கணும். நடுவுல மனசு மாறினா வாபஸ் வாங்கிக்கலாம், கடைசி நாள் அஞ்சு மணி வரைக்கும். அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் நடக்காது. அப்புறம் இந்த ரெண்டு கட்டத்தப் பாருங்க. தனித் திட்டம்னா பென்ஷன் கூட வரும், ஆனா உங்களோட முடிஞ்சுடும். இணைத் திட்டம்னா கொஞ்சம் கொறைச்சல்தான், உங்களுக்கப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு வரும். நிதானமா யோசிச்சு டிக் பண்ணுங்க.” இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “அது சரி, வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?” என்று ஒரு கேள்வி போடுவார். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே எழுந்து போய்விடுவார்கள்.

அவருடைய மனைவி அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தாள். “என்னோட உக்காந்திருங்க. பகல்ல இந்த வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது,” என்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. இவரோ அடுத்த வருஷம் பார்க்கலாம், பிரிவில் ஆள் இல்லை, தணிக்கை வருகிறது என்று ஏதாவது சாக்குப்போக்குச் சொல்லி ஆறு வருடத்தைக் கடத்தினார். பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. ‘மாதக் கணக்குதான்’ என்று டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்ன மறுநாள், கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாரத்தை நிரப்பினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “இணைத் திட்டமா? எனக்கெதுக்கு அது? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற ஆளு, சொந்தப் பாரத்துல தப்பா போடறீங்களே.”

“தப்பெல்லாம் இல்ல. நீதான் முன்னாடி போவேன்னு உங்கிட்ட யார் சொன்னா?”

அவள் லேசாகச் சிரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருமே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசி ஐந்து வாரமும் அவர் விடுப்பில் வீட்டில்தான் இருந்தார். பகல் நேரத்து வீட்டை அப்போதுதான் பார்த்தார். பதினோரு மணிக்கு மாடியில் ஒரு தையல் மிஷின் ஓட ஆரம்பித்து அரை மணியில் நின்றுவிடும். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. குழாய் சொட்டுவது கூடத்தில் கேட்கும். அந்த மூன்று மணி நேரம் அவ்வளவு நீளம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இல்லை, அவள் சொல்லியிருக்கிறாள்; அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டார்.

அன்று பதினோரு மணிக்கு மேல் படியில் ஒரு குரல் கேட்டது. “மூணு காப்பி சார் வீடு இதானே?” அலுவலக டிரைவர் யாரிடமோ விசாரித்துவிட்டு, வாசலிலேயே அவர் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் பின்னால் அடுத்த மேசைப் பெண் வந்தாள். அவரிடம் வேலை பழகியவள், இப்போது அவருடைய இடத்துக்கு வரப்போகிறவள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து, அவரை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனாள்.

“சார், இந்த நேரத்துல பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு விட்டா முடியாது, உங்களுக்கே தெரியும்.” பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். “ஆபீசர்கிட்ட பேசிட்டேன். வாபஸ் கடிதம். கையெழுத்து மட்டும் போடுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வந்து உங்க சீட்ல உக்காருங்க. தனியா இங்க என்ன சார் பண்ணுவீங்க?”

அவர் அந்தக் கணமே கையெழுத்துப் போட்டுவிடத்தான் நினைத்தார். அவருக்குப் பயமாக இருந்தது. நாளைக்குப் பகல் ஒன்றிலிருந்து நாலு வரை இந்த வீட்டில் அவர் மட்டும். அலுவலகத்தில் இரைச்சல் இருக்கும். யாராவது வந்து நிற்பார்கள், மூன்று பிரதி கேட்கலாம். பேனாவைத் திறந்து, காகிதத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். பழக்கம் விடாமல் முதலிலிருந்து படித்தார்.

‘விருப்ப ஓய்வு கோரியதற்கான காரணம் தற்போது இல்லாததால்’ என்று தட்டச்சாகியிருந்தது.

அவர் எழுதிவைத்த வாசகம்தான். என்றோ ஒருவருக்குத் தாயார் உடம்பு தேறிவிட்டது என்று மாதிரியாக எழுதிக் கொடுத்தது. அப்படியே கோப்பில் தங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று அவருக்கே தெரியாது.

“காரணம் இல்லைனு நான் எப்படிம்மா கையெழுத்து போடறது?”

அவள் முகம் வாடிப்போனது. “ஐயோ சார், நான் யோசிக்கல. மாத்தி அடிச்சுக் கொண்டுவரட்டுமா?”

“வேற எப்படி அடிப்ப? எப்படி அடிச்சாலும் வாபஸ்னா அதான் அர்த்தம்.” பேனாவை மூடினார். “கூப்பிட்டுக்கிட்டே இருந்தாம்மா. நல்லா இருந்தப்ப வரல. இப்ப வந்ததையும் இல்லைனு எழுதிக் குடுக்கச் சொல்றியா?”

இன்னொரு காகிதத்தை அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். “அப்படின்னா இதாவது. இணைத் திட்டத்தத் தனித் திட்டமா மாத்தற கடிதம். இன்னிக்கு ஒரு நாள்தான் மாத்த முடியும். ஆயுசுக்கும் கொறைச்சு வாங்குவீங்க சார். உங்களுக்கப்புறம் யாருக்கு வரப்போகுது?”

“அது அப்படியே இருக்கட்டும்.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார். உட்காரவைத்து ஒரு மணி நேரம் திட்டியிருப்பார்.

இரண்டு மணிக்கு உடலை எடுத்துப்போக வண்டி வந்தது. நாலே காலுக்கெல்லாம் எல்லாம் முடிந்து, அவரும் மச்சினியும் மட்டும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் கட்டில் விரிப்பை உருவி ஊறவைத்தாள், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், செய்ய வேறு வேலை இல்லாமல் வந்து நின்றாள்.

“எங்க வீட்டுக்கு வந்துடுங்க மாமா. நாலு நாள் இருந்துட்டு வரலாம்.”

“இல்லம்மா.”

“அக்கா இருந்தா உங்களத் தனியா விட்டுட்டுப் போன்னு சொல்லுவாளா?”

“நீ கிளம்பு. உங்க மாமியாருக்குக் கண்ணு தெரியாது, காலைலேர்ந்து தனியா இருக்காங்க. நாளைக்கு வா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் கதவைச் சாத்தினார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து விளக்கைப் போட்டார், வெளிச்சம் இருக்கவே அணைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

“சார், நான்தான். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஆபீசர் சீட்லதான் இருக்காரு. வாயால சொன்னாக்கூடப் போதும், நாளைக்குக் கையெழுத்து வாங்கிக்கலாம்ங்கறாரு.”

“வாயால சொன்னா செல்லாதும்மா.”

“தெரியும் சார். அவருதான் உங்களுக்காக...” அவள் குரல் உடைந்தது. “அப்ப வைக்கட்டுமா சார்?”

அவருக்கு வை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, துண்டிக்காமல் போனை மேசைமேல் மெல்ல வைக்கிற சத்தம் கேட்டது.

அவர் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். டிரைவரின் இருமல். “அந்த ஃபைல மேல போடாதீங்க, காலைல தேடணும்,” என்றது ஒரு குரல். யாரோ ஒரு நகைச்சுவை சொன்னார்கள், நாலு பேர் சிரித்தார்கள், ஒருவர் “உஷ்” என்றார். பீரோக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பேச்சுகள் வாசல் பக்கம் நகர்ந்து தேய்ந்தன. மின்விசிறிகளின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாக யாரோ தட்டிக்கொண்டே வர, அதுவும் நின்றது.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.