சிவப்புச் சட்டை

எங்கள் தெருப் பிள்ளைகளில் வேகமாக ஓடுகிறவள் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. பந்தோடு நான் கிளம்பினால் பையன்களுக்கு மூச்சு வாங்கும். எங்கள் எல்லோருக்கும் ஒரே கால்பந்து டீம்தான் உயிர். அதன் நிறம் சிவப்பு. டீவியில் அந்தச் சிவப்பைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அதே ஜெர்சி வேண்டும் என்று அப்பாவின் உயிரை எடுத்தேன்.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஒரு சாயங்காலம் டர்பன்டைன் வாசனையோடு வந்து ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டார்.

"நீ கேட்ட சிவப்புதான். கடையில குவிச்சு வச்சிருந்தாங்க. சின்னத்தைப் பார்த்து நானே தேடி எடுத்தேன்."

பிரித்தேன். ஜெர்சி, கால்சட்டை, நீளமான காலுறை. சின்னம் சரி. நிறம் பச்சை. நல்ல இலைப் பச்சை.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். "வா, போட்டுவிடுறேன்" என்று சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இது பச்சைம்மா!"

"மெதுவா பேசுடி. அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே அப்படித்தான். டப்பா மேல இருக்கிற நம்பரைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமா சமாளிக்கிறாரு. மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே வேலை போயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா மேலா, அம்மா மேலா, அந்தப் பச்சை மேலா என்று தெரியவில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அப்பா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் காலை அதே உடையில் தெருவுக்குப் போனேன். அப்பாவைக் கூட்டிப்போக மேஸ்திரி வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். அப்பா உள்ளே பிரஷ்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு டீமுக்குப் பச்சைச் சட்டையா? உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் தெருவே கேட்கக் கத்தினான்.

மேஸ்திரி திரும்பினார். "அப்பாவா வாங்கிட்டு வந்தாரு?"

அப்பா வெளியே வருவதற்குள் முந்திக்கொண்டேன்.

"ஆமா மாமா. நான்தான் பச்சை கேட்டேன். கோல்கீப்பர் மட்டும் வேற கலர்தான் போடணும்."

"அப்போ நீ கோல்கீப்பரா?"

"ஆமா."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே போய் நின்றேன். அன்றைக்கு நின்றவள்தான். மேஸ்திரி தினமும் வருவார். நான் தினமும் நிற்பேன். அது உண்மையாகவே எங்கள் டீமின் கோல்கீப்பர் சட்டைதான் என்பது கொஞ்ச நாள் கழித்து டீவியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பேன். ஓட ஆசையாக இருக்கும். சட்டை கிழிந்து கரித்துணியான பிறகும் யாரும் என்னை வெளியே விடவில்லை. அதற்குள் நன்றாகப் பிடிக்கக் கற்றுத் தொலைத்திருந்தேன். பள்ளி டீம், கல்லூரி டீம், எல்லாவற்றிலும் கோல்கீப்பர்தான்.

போன மாதம் அப்பா வேலையை விட்டார். நேற்று மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"நீ நல்லா ஓடுவியேம்மா. அப்புறம் ஏன் கோலுக்குப் போனே?"

"பிடிச்சுது, போனேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். "நான் வாங்கிக் குடுத்தேனே, அந்தச் சட்டை. அது என்ன கலரு?"

இனி பறிபோக வேலை இல்லை. பயப்பட மேஸ்திரி இல்லை. சொல்லிவிடலாம்தான். ஆனால் அன்று அவர் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

"சிவப்புப்பா."

அப்பா சிரித்தார்.

"உங்கம்மாவும் இதையேதான் சொன்னா. மேஸ்திரி மட்டும் ஒருநாள், 'உன் பொண்ணு அந்தப் பச்சைச் சட்டையில என்னமா பாயுறா'ன்னாரு. 'ஆமாங்க, கலர் பார்த்து நான்தான் எடுத்தேன்'னு சொல்லிட்டேன்."