மொட்டைத் திட்டு

ஊருக்குப் பொதுவான முப்பது ஏக்கர் காட்டைச் சீர்செய்து, நடுவே போகும் ஓடையைத் தூர்வாரி, சனங்கள் வந்து இளைப்பாறவும் பிள்ளைகள் குளிக்கவும் ஓர் இடமாக்குவது என்று 2006-இல் கமிட்டி முடிவெடுத்தபோது கைதட்டாதவன் முனிரத்தினம் ஒருவன்தான். ஆம்பூர்ப் பக்கத்தில் குளிக்கிற மாதிரி தண்ணீரைக் கண்ணால் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்ததால் ஊரே குதூகலித்தது. இவன் மட்டும் கடைசி வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் கை அப்படி. பன்னிரண்டு வருடம் டேனரியில் பதனிடும் குரோம் தண்ணீரில் தோல் புரட்டியதில், விரல் இடுக்குகளில் மிளகு உட்காரும் அளவுக்கு வட்டவட்டமாகப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

கமிட்டித் தலைவி கிரேஸி டீச்சர் தங்கமான மனுஷி. ஒரு மரத்தைக்கூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, குளிக்கும் குளத்துக்கு இடம் தேடிக் காடு முழுக்க நடந்தார். ஓடை வளையும் இடத்தில் புல்பூண்டு இல்லாத மொட்டைத் திட்டு ஒன்று கண்ணில் பட்டது. இங்கேயே தோண்டலாம், ஒரு செடிக்கும் கேடில்லை என்றார். நல்ல மனசுக்காரர்களிடம் இதுதான் பேஜார். ஒரு இடம் ஏன் மொட்டையாகக் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

அது முனிரத்தினத்துக்குத் தெரியும். 1995-இல் மறுநாள் டேனரிக்குச் சோதனை வருகிறது என்று தகவல் வந்ததும், மேஸ்திரி காசிநாதன் கழிவுச் சேற்றை டிராக்டரில் ஏற்றி இவனிடம் ஒப்படைத்தார். நம்ம ஊர்க் காடுதானே, எவன் கேட்கப்போகிறான் என்றார். இவன் நடைநடையாகக் கொண்டுவந்து அந்த வளைவில் குழிவெட்டிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடி, சந்தேகம் வராமலிருக்க மேலே வேப்பங்கன்றுகளையும் நட்டான். ஒரே மாதத்தில் எல்லாக் கன்றும் கருகிப்போயிற்று. அடுத்த வருடம் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெட்டன. இரண்டு குடும்பங்கள் மாட்டை விற்றுவிட்டு பெங்களூருக்குப் போயின. காசிநாதன் போய்ச் சேர்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் ஊரில் குடியிருக்க விடுவார்களா? அந்தப் பயம்தான் அவன் வாயைத் தைத்திருந்தது.

கடைசியில் ஒரு பொய் சொல்லிப் பார்த்தான், அந்தத் திட்டில் பாம்பு ஜாஸ்தி என்று. டீச்சர் வேலூரிலிருந்து பாம்பு பிடிக்கிறவரையே வரவழைத்துவிட்டார். அவர் ஒரு பகல் முழுக்கக் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாம்பா? ஒரு எறும்புகூட இல்ல டீச்சர். இவ்ளோ சுத்தமான எடத்த நான் பாத்ததே இல்ல."

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜேசிபி இறங்கியது. ஆள் ஆழத்தில் பச்சையும் நீலமுமாகச் சேறு வந்தது. டீச்சர் அதை விரலில் எடுத்துத் தேய்த்து, ஏதோ அபூர்வமான களிமண் என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஓடை வந்து குளம் நிறைந்தது. திறப்பு விழா வரை யாரும் இறங்கக்கூடாது என்று டீச்சர் சுற்றிலும் வேலி போட்டார். அதன் நிறத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். அத்தனை மழைக்கும் ஒரு தவளை கத்தவில்லை. அதைக் கவனித்தவன் இவன் ஒருவன்தான்.

மார்கழியில் ஒரு மாலை, மனைவி சௌந்தரம் மகள் தமிழினியின் கையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொறி ஒட்டிக்கொண்டதாம். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நினைப்பெல்லாம் குளத்தில் இருந்தது.

காணும் பொங்கலன்று திறப்பு விழா. பந்தல், மைக் செட், குளத்தில் இறங்கும் வழிக்குக் குறுக்கே ரிப்பன். முதலில் இறங்கப்போகும் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் தமிழினி. முனிரத்தினம் விடிய விடிய யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அழைத்துப்போய்விடுவது, மற்றதற்கு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது. வெட்கம் கெட்ட வழிதான். ஆனாலும் அதற்காகத்தான் வரிசைக்குப் போய் அவள் கையைப் பிடித்தான்.

பிடித்த இடத்தில் அவன் கட்டைவிரல் ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. குனிந்து அவள் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தான். மஞ்சளுக்கு அடியில் மிளகளவில் வட்டமாக ஒரு புண் இருந்தது.

"இது எப்பிடிம்மா வந்துச்சு?"

அவள் அவன் காதருகே வந்தாள். "டீச்சராண்ட சொல்லாதப்பா. வேலியில ஒரு சந்து கீது. மார்கழி முச்சூடும் நாங்க இங்கதான் குளிச்சோம்."

"நாங்கன்னா யாரு?"

தமிழினி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது பிள்ளைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். முனிரத்தினம் மகளை இழுத்துக்கொண்டு போய் ரிப்பனுக்கு முன்னால் நின்றான். இத்தனை வருடம் ஒளித்துவைத்த கையை மேலே தூக்கி விரித்து, பக்கத்தில் அவள் கையையும் தூக்கிப் பிடித்தான்.

"வெட்டாதீங்க டீச்சர். இந்தக் கொளத்துக்கு அடியில டேனரிச் சேறு கீது. நான்தான் கொண்டாந்து பொதைச்சேன்."

டீச்சர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தரிக்கோல் அப்படியே நின்றது. கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, வரிசையில் நின்ற தன் மகனின் கையை முன்னால் இழுத்து விரல்களைப் பிரித்தாள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள்.