மணல், இருநூறு கிராம்

காளப்பநாயக்கன்பட்டி மைதானத்திலிருந்து கௌசிகா வீசிவிடும் குட்டி விமானம், மேலே மலையிலுள்ள ஆலத்தூர் நாட்டில் அவளோடு படிக்கும் அசோக் விரித்து வைத்திருக்கும் தார்ப்பாயில் போய் இறங்க வேண்டும். மலைக்கு மருந்து அனுப்ப, உயரத்தைக் காக்கும் மூன்று முறைகளில் எது நல்லது? அதுதான் அவளுடைய எம்.இ. ஆராய்ச்சி. உயரம் குறைந்தால் முதல் முறை மூக்கைத் தூக்கும். இரண்டாவது மோட்டாரை முடுக்கும். மூன்றாவது, உயரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து இரண்டையும் செய்யும். மூன்றும் சீட்டுக் குலுக்கிய வரிசைப்படி மாறி மாறிப் பறக்கும். சுமை மட்டும் ஒன்றே, இருநூறு கிராம் மணல்.

ஒருநாள் அசோக்கின் செல்லில் இருசாயி பேசினாள். தார்ப்பாய் விரித்த நிலத்துக்குச் சொந்தக்காரி.

"ஏங்கண்ணு, மருந்து கொண்டாற ஏரோப்பிளானுன்னாங்க. பிரிச்சுப் பாத்தா மணலு! எங்க மலையில மணலுக்கா பஞ்சம்?"

கௌசிகா சிரித்துவிட்டாள். இருசாயியின் குரல் இறங்கியது.

"எங்கூட்டுக்காரருக்கு வலிப்பு மாத்திர தீந்து ரெண்டு நாளாச்சு சாமி. மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் வாரதில்ல. ஒரு அட்ட வெச்சு உடேன்."

கௌசிகா தன் ஆராய்ச்சி வழிகாட்டி சசிதரன் சாரிடம் கேட்டாள்.

"அனுமதி மணலுக்குத்தாம்மா. மாத்திரை போச்சுன்னு தெரிஞ்சா உன் பட்டமே போயிரும். நாளைக்கு பஸ் விட்ருவாங்க, போ."

தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் அப்பா சித்தாளாகச் சுமந்த செங்கல் அத்தனையும் அந்தப் பட்டத்தில் இருந்தது. ஆனாலும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மறுநாளும் பஸ் இல்லை. அசோக் அனுப்பிய பழைய மருந்துச்சீட்டின் படத்தைக் காட்டி ஓர் அட்டை வாங்கி, அதன் எடைக்கு ஈடான மணலை வெளியே கொட்டிவிட்டுப் பொட்டலத்துக்குள் செருகினாள். அசோக்கிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு வரிசைப்படி முதல் முறை பறக்க வேண்டும். கடைசிச் சரிவில் அது ஒருதரம் விழப்பார்த்திருக்கிறது. மூன்றாவது ஒருநாளும் பிசகியதில்லை. மாற்ற ஒரு பொத்தான் போதும். ஆனால் வரிசை மாறினால் பதிவில் தெரியும், சார் ஏன் என்பார். காற்றில்லை, போய்ச் சேர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரையை ஒளித்து வைக்க இருந்த துணிச்சல் வரிசையை மாற்ற இல்லை.

கடைசிச் சரிவில் காற்று கீழே அமுக்கியது. விமானம் மூக்கைத் தூக்கியது. இன்னும் தூக்கியது. வேகம் பதினாலு, பதினொன்று, ஒன்பது. பொத்தானை அழுத்தினாள். திரை நின்றுபோயிருந்தது.

"பள்ளத்துல உழுந்துருச்சு கௌசி," என்றான் அசோக். கௌசிகாவுக்கு அழுகை வெடித்தது. இருசாயி செல்லை வாங்கினாள்.

"அட, அழுவாத கண்ணு. மணலுதான போச்சு."

மாற்று விமானம் காலேஜிலிருந்து வர மறுநாள் ஆனது. மூன்றாம் முறையில் பறந்து தார்ப்பாயின் நடுவிலேயே இறங்கியது. அதிலும் ஓர் அட்டை இருந்தது. இருசாயியின் புருஷன் வெள்ளையன் அன்று விடியலிலேயே வலிப்பு வந்து இறந்துபோயிருந்தான்.

சார் அட்டவணையைப் பார்த்தார். "ஒப்பீடு பிரமாதமா வந்திருக்கும்மா. விழுந்ததுக்கு மட்டும் சுமை எழுதாம விட்டிருக்க."

கௌசிகா பேனாவை எடுத்தாள். எழுதினாள்: மணல், இருநூறு கிராம்.