டிரம்மில் ஒட்டிய முருகன் படம்

ஜெயச்சந்திரன் கடைக்கு நான் சண்டை போடத்தான் போனேன். செருப்பைக்கூட வாசலில் கழற்றவில்லை.

காரணம் என் மருமகள் பானுப்ரியா. அவளுக்கு இது ஐந்தாம் மாசம். பத்து நாளாக ஈறில் ரத்தம் கசிகிறது, வாயெல்லாம் துருப்பிடித்த ருசி, தறியில் ஏற்றும் பாவில் நீள இழைகளைப் பிணைக்கும்போது விரல் நடுங்குகிறது. வேலூருக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் பாதரசம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. நெசவுக்காரர் வீட்டில் ஏது பாதரசம் என்று கேட்டேன். வெள்ளியாக உருண்டு ஓடுவதுதான் பாதரசம் என்று நினைத்திருந்தேன். கரிமத்தோடு சேர்த்துச் செய்தால் அது வெறும் வெள்ளைத் தூள், வாசனை கிடையாது, பூஞ்சையைக் கொல்லும், தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், ஆனால் அந்தக் கொஞ்சமே அதிகம் என்றார். வெள்ளைத் தூள் என்றதும் எனக்கு ஜெயச்சந்திரன் கடைக் கவர் ஞாபகம் வந்தது.

கார்த்திகை மழையில், பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியில் பூஞ்சை பிடித்து, பட்டில் கரும்புள்ளி விழுந்தது. இரண்டு புடவையை முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். சாயம், சோடா எல்லாம் ஜெயச்சந்திரன் கடையில்தான் வாங்குவோம். அவன் ஒரு வெள்ளைப் பவுடரைப் பாலிதீன் கவரில் கட்டிக் கொடுத்தான். ஒரு சிட்டிகை போட்டால் கஞ்சி மூன்று நாள் கெடாது என்றான். கெடவில்லைதான். எங்கள் தெருவே வாங்கியது.

பாவில் பூசுவதற்கு முன் கஞ்சியை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். புளித்த கஞ்சி பட்டின் மினுக்கைக் கொன்றுவிடும். பவுடர் போட்ட கஞ்சி புளிக்காது என்று தெரிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பானு நாக்குக்கு ஈடு கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, தினமும் அவளையே பார்க்கச் சொன்னது நான்தான். அந்தப் பீற்றலில் கொள்ளி வைக்க.

அந்தத் தூளின் பெயர் வேண்டும் என்றார் டாக்டரம்மா. "சில வகை வயித்துக் குழந்தையோட மூளை வரைக்கும் போகும். சில வகை அந்த அளவுக்குப் போகாது. பேர் தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

என் பேரப்பிள்ளையின் தலையெழுத்து ஒரு பெயரில் தொங்குகிறது. அந்தப் பெயர் கவரில் இல்லை, பில்லில் 'பவுடர்' என்று மட்டும் இருக்கிறது. எரியாதா எனக்கு?

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அதே கவரைக் கையில் வைத்திருந்த ஒருத்தர் சத்தமில்லாமல் மேசை மேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"பாவுக்குக் குடுத்தேன்க்கா, நாக்குல வெக்கவா குடுத்தேன்?" என்றான் ஜெயச்சந்திரன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே என் கோபம் இரட்டிப்பானது. விஷம் என்று ஒரு வார்த்தை எழுதி ஒட்ட உன் கை முறிந்தா போயிற்று என்று கேட்டேன். கடைசியில் வாயைத் திறந்தான். சரக்கு டிரம்மில் வந்ததாம். டிரம்மில் மண்டையோடு போட்டிருந்ததாம். அதைக் காட்டினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்று வெறும் கவரில் மாற்றிக் கட்டினானாம். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தவன் இப்போது போனை எடுப்பதில்லையாம். பெயரை இவன் படிக்கவே இல்லையாம். பாவி, படிக்காமலே தெருவுக்கெல்லாம் விற்றிருக்கிறான்.

அந்த டிரம் எங்கே என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொங்கலுக்கு நீதானேக்கா கேட்டு வாங்கிகினு போன. கழுவித்தான் குடுத்தேன்."

அவனை என்ன திட்டினேன், திட்டினேனா என்பதுகூட நினைவில்லை. எங்கள் ஊர் சேவூருக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்காமல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

நீல டிரம் சமையல்கட்டில் இருந்தது. நல்ல கெட்டி மூடி. இலவசமாக வந்ததே என்று இடுப்பில் சுமந்துகொண்டு வந்தேன். நானும் ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்தேன். அந்த மண்டையோட்டுக் காகிதம் மட்டும் கத்தியால் சுரண்டியும் வரவில்லை. அடுப்படியில் அது என்ன கண்றாவி என்று, காலண்டரில் இருந்த முருகன் படத்தை வெட்டி, பாவுக் கஞ்சியைத் தடவி அதன் மேல் ஒட்டினேன்.

இப்போது அந்தப் படத்தை ஈரத்துணியால் நனைத்துக் கிழித்தேன். கீழே மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. சத்தம் கேட்டு வந்த பானு குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பினைல் மெர்குரிக் அசிடேட். அவளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. தான் பயந்த வகை இது இல்லை, இது குழந்தைக்குக் குறைவாகத்தான் போகும் என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

"தினம் ஒரு சொட்டு நாக்குல வெச்சது மட்டும்தானேம்மா? வேற எந்த வழியிலயும் உள்ள போகலையே?"

பானு டிரம்மைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மாசமான பிறகு அவள் கேன் தண்ணீர் வாங்கலாமா அத்தை என்று கேட்டபோது, நாம் என்ன ஜமீனா என்று வாயை அடைத்தவள் நான்.

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"போயிருக்கு டாக்டரம்மா. பொங்கல்ல இருந்து இவ குடிக்கிற தண்ணி பூரா இந்த டிரம்லதான். நான்தான் புடிச்சு வெச்சேன்."